2030 வரை எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, அதற்குப் பிறகுதான் கவலை

2030-இல் உலகம் ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் செலவழிக்கும்? பாரிஸில் இருக்கும் சர்வதேச எரிசக்தி முகமையைக் கேட்டால் 10.55 கோடி பீப்பாய் என்கிறது. வியன்னாவில் இருக்கும் ஒபெக்கைக் கேட்டால் 11.33 கோடி என்கிறது. இரண்டு அறிக்கைகளும் 2025-இல், ஜூனில் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாக வந்தவை. நடுவில் இருக்கும் வித்தியாசம் நாளொன்றுக்கு 78 லட்சம் பீப்பாய். இந்தியா முழுக்க ஒரு நாளில் செலவாகும் எண்ணெயே சுமார் 55 லட்சம் பீப்பாய்தான். ஐந்தே வருடம் தள்ளி இருக்கும் ஓர் ஆண்டைப் பற்றி, இதையே முழுநேர வேலையாகச் செய்யும் இரண்டு அமைப்புகள் இவ்வளவு தூரம் வேறுபடுகின்றன.

இந்த அறிக்கைகளைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகும் விஷயம் ஒன்று உண்டு. தேவை எந்த ஆண்டில் உச்சத்தைத் தொடும் என்ற சண்டையில்தான் எல்லோருடைய கவனமும் இருக்கிறது. நம்மைப் போன்ற, எண்ணெயை வாங்கியே பிழைக்கிற நாட்டுக்கு முக்கியமான கேள்வி அது இல்லை. எண்ணெய் மலிந்து கிடக்கும் இந்த வருடங்களில் யார் எதைக் கட்டுகிறார்கள், யார் எதைக் கட்டாமல் விடுகிறார்கள் என்பதுதான் அடுத்த பத்தாண்டின் விலையைத் தீர்மானிக்கப் போகிறது.

முதலில், சொல்பவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். ஒபெக் 1960-இல் பாக்தாத்தில் ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து தொடங்கியது. விற்பவர்களின் சங்கம். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி மேற்கு நாடுகளைத் திணறடித்த பிறகு, வாங்குபவர்கள் சேர்ந்து 1974-இல் தொடங்கியது எரிசக்தி முகமை. ஆக, ஒன்று விற்பவர் கணக்கு, மற்றொன்று வாங்குபவர் கணக்கு. இரண்டுமே சறுக்கியிருக்கின்றன. 2024-இல் தேவை நாளுக்கு 22.5 லட்சம் பீப்பாய் கூடும் என்று ஒபெக் சொல்லி, ஒரு வருடம் அதையே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, டிசம்பர் வாக்கில் 16 லட்சத்துக்கு இறங்கி வந்தது. 2030-க்குள் உச்சம் என்று 2023-இல் சொன்ன எரிசக்தி முகமையோ, 2025 நவம்பரில் வெளியிட்ட நீண்டகால அறிக்கையில், நாடுகள் இன்றைய கொள்கைகளோடு நின்றுவிட்டால் 2050 வரை உச்சமே வராது என்ற இன்னொரு பாதையையும் வரைந்து காட்டியது. முகமையைத் திருத்துவோம், இல்லையென்றால் வெளியேறுவோம் என்று அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க எரிசக்தி அமைச்சர் கிறிஸ் ரைட் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். இந்த எண்கள் அரசியலுக்கு நடுவில் பிறப்பவை. அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, எதில் சந்தேகம் குறைவு? எவ்வளவு எண்ணெய் சந்தைக்கு வரும் என்பதில். குறைந்தபட்சம் 2030 வரை.

ஏனென்று சொல்ல கயானாவைக் காட்டுகிறேன். தென் அமெரிக்காவின் வடகரையில், சுமார் எட்டு லட்சம் பேர் வாழும் நாடு. கரும்புத் தோட்ட வேலைக்காக ஆங்கிலேயர்கள் கல்கத்தாவிலிருந்தும் மதராஸிலிருந்தும் நம் மக்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன இடம். அந்தக் கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் ஆழமான கடலின் அடியில், 2015-இல் எக்ஸான்மொபில் எண்ணெய் கண்டது. 2019 டிசம்பரில் முதல் எண்ணெய் மேலே வந்துவிட்டது. அதை எடுத்த கப்பல் முன்பு கச்சா எண்ணெய் சுமந்த ஒரு பெரிய டேங்கர். அதையே மாற்றிக் கட்டி, கடலில் நங்கூரமிட்டு, அடியில் இருக்கும் கிணறுகளோடு குழாய்களால் பிணைத்திருக்கிறார்கள். எண்ணெயிலிருந்து வாயுவையும் நீரையும் பிரிப்பது, சேமிப்பது, வந்து நிற்கும் வேறு கப்பலில் ஏற்றிவிடுவது எல்லாம் அங்கேயே நடக்கும். இப்படி நான்காவது கப்பல் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியது. அது மட்டும் நாளுக்கு இரண்டரை லட்சம் பீப்பாய் எடுக்கக்கூடியது. பத்து வருடத்துக்கு முன் ஒரு சொட்டுகூட எடுக்காத நாட்டின் திறன் 2025 கடைசியில் நாளுக்கு சுமார் ஒன்பது லட்சம் பீப்பாய். 2026, 2027, 2029 என்று அடுத்தடுத்து வர வேண்டிய திட்டங்களுக்கும் கையெழுத்தாகிவிட்டது.

இப்படிப்பட்ட கப்பல் ஒருமுறை போய் நின்றுவிட்டால், விலை 40 டாலருக்கு விழுந்தாலும் யாரும் அதை நிறுத்த மாட்டார்கள். போட்ட பணம் போட்டதுதான். அன்றாடம் எடுக்கும் செலவு மிகக் குறைவு. பிரேசிலின் உப்புப்படுகைக்கு அடியில் இருக்கும் பூசியோஸ் எண்ணெய் வயலுக்கும் இதே கதைதான். கனடா தன் எண்ணெயைப் பசிபிக் கரைக்குக் கொண்டுபோகும் குழாயை விரிவாக்கி 2024 மே மாதம் திறந்தது. அர்ஜென்டினாவில் வாக்கா முயெர்தா பாறைகளிலிருந்து எடுப்பது கூடிக்கொண்டே போகிறது. இவையெல்லாம் 2030-க்கு முன் வரப்போகும் எண்ணெயை ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட வேலைகள். இதற்கு மேல், ஒபெக்கும் ரஷ்யா முதலிய கூட்டாளிகளும் அடக்கி வைத்திருந்த உற்பத்தியில் 22 லட்சம் பீப்பாயை 2025 ஏப்ரலிலிருந்து படிப்படியாகத் திறந்துவிட்டார்கள். அதனால்தான் 2030-இல் உலகின் உற்பத்தித் திறன் நாளுக்கு 11.47 கோடி பீப்பாயைத் தொடும் என்கிறது எரிசக்தி முகமை. அவர்கள் சொல்லும் தேவையைவிட 90 லட்சத்துக்கு மேல் அதிகம்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டால், இனி எண்ணெய் மலிவுதான் என்று நிம்மதியாகத் தூங்கலாம். நிறையப் பேர் இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

எண்ணெய்க் கிணறு வற்றும். ஒரு நாளில் காய்ந்துபோவதில்லை, அழுத்தம் குறைந்து குறைந்து வருடா வருடம் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும். போர்வெல் போட்ட விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முதல் வருடம் பீய்ச்சியடித்தது, ஐந்தாம் வருடம் விட்டு விட்டு வரும். நம் பம்பாய் ஹை வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் கப்பல் கண்டுபிடித்த வயல் அது. 1980-களில் நாளுக்கு நான்கு லட்சம் பீப்பாய்க்கு மேல் கொடுத்தது, இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீரை உள்ளே செலுத்தி அழுத்தத்தைக் கூட்டுவது, பக்கவாட்டில் புதிய கிணறுகள் தோண்டுவது என்று ஓ.என்.ஜி.சி. எவ்வளவோ செய்து பார்த்துவிட்டது. 2025-இல் பி.பி. நிறுவனத்தையும் துணைக்கு அழைத்திருக்கிறது.

உலகம் முழுக்க இந்த வற்றும் வேகம் எவ்வளவு? சுமார் 15,000 வயல்களின் பதிவுகளை வைத்து எரிசக்தி முகமை 2025 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடந்த சில வருடங்களில் வந்த எண்ணெய் ஆவணங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். புதிதாக ஒரு ரூபாய்கூடப் போடாமல் நிறுத்திவிட்டால், உலக உற்பத்தி ஒவ்வொரு வருடமும் நாளுக்கு 55 லட்சம் பீப்பாய் குறைந்துகொண்டே போகும். 2010-இல் இது 40 லட்சத்துக்கும் கீழே இருந்தது. மறுபடி சொல்கிறேன், இந்தியாவின் அன்றாடச் செலவே அந்த 55 லட்சம்தான். வருடத்துக்கு ஓர் இந்தியா அளவு எண்ணெய் மறைந்துகொண்டிருக்கிறது. அதை ஈடுகட்டவே எண்ணெய் நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019-க்குப் பிறகு எண்ணெய், எரிவாயு எடுப்பதில் போட்ட முதலீட்டில் கிட்டத்தட்ட 90 சதவீதம், இருந்த இடத்தில் இருப்பதற்காக மட்டுமே செலவாகியிருக்கிறது.

வேகம் ஏன் கூடியது? அமெரிக்க ஷேல் எண்ணெய், அதாவது கெட்டிப் பாறைக்குள் சிக்கியிருக்கும் எண்ணெய்தான் பெரிய காரணம். டெக்சாஸ், நியூ மெக்சிகோவில் விரிந்து கிடக்கும் பெர்மியன் படுகையில் ஒரு கிணற்றைச் சில வாரங்களில் தோண்டி, பாறையை உடைத்து, எண்ணெயை எடுத்துவிடலாம். அது முதல் வருடத்தில் கொட்டும், இரண்டாவது வருடத்தில் பாதிக்குமேல் குறைந்திருக்கும். ஷேலில் முதலீடு முழுதாக நின்றால் ஒரே வருடத்தில் உற்பத்தி 35 சதவீதம் விழும் என்கிறது அந்த ஆய்வு. 2024-இல் நாளுக்கு 1.32 கோடி பீப்பாய் கச்சா எடுத்து உலகிலேயே முதலிடத்தில் இருந்த அமெரிக்காவின் அஸ்திவாரம் இதுதான். ஒரு புதிய கிணறு கட்டுப்படியாக பீப்பாய்க்குச் சராசரியாக 65 டாலர் வேண்டும் என்று அமெரிக்க மத்திய வங்கியின் டல்லாஸ் கிளை நடத்திய கருத்தெடுப்பில் நிறுவனங்களே சொல்லியிருக்கின்றன. 2025 கடைசியில், உலகச் சந்தைக்கு அளவுகோலாக இருக்கும் பிரென்ட் கச்சா எண்ணெயின் விலையே 60 டாலரை ஒட்டித்தான் இருந்தது. அமெரிக்க எண்ணெயின் விலை அதற்கும் கீழே.

விலை குறைந்தால் முதலீடு குறையும். முதலீடு குறைந்தால் ஷேல் உடனே குறையும், மற்றவை மெதுவாகக் குறையும். கடலடி வயல்கள் மறுபடி கை கொடுக்குமா என்றால், தேடும் உரிமம் வாங்கியதிலிருந்து முதல் எண்ணெய் வரைக்கும் உலகச் சராசரி ஏறத்தாழ 20 வருடம். கண்டுபிடித்து ஐந்து வருடத்துக்குள் எண்ணெய் எடுத்த கயானா ஒரு விதிவிலக்கு. ஆக, 2026-லும் 2027-லும் கையெழுத்தாகாமல் போகும் திட்டங்களின் வலி 2032, 2033 வாக்கில்தான் தெரியும். அப்போது தெரிந்து ஒன்றும் ஆகாது. 2014-இல் 115 டாலரைத் தொட்ட விலை 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே போனது. அந்த இரண்டு வருடங்களில் வெட்டிய முதலீட்டின் பாதிப்பை ஷேல் மறைத்துவிட்டது. அடுத்த முறை மறைக்க ஷேலுக்கு அந்த வலு இருக்குமா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம்.

தேவை குறைந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைவது சில இடங்களில் உண்மையாகவே நடக்கிறது. சீனாதான் பெரிய உதாரணம். பத்து வருடமாக உலகத் தேவையின் வளர்ச்சியில் பாதிக்கும் மேல் சீனாவுடையதாக இருந்தது. 2024-இல் அங்கே விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி மின்சாரத்தில் ஓடுபவை. கனரக லாரிகள் திரவ இயற்கை எரிவாயுவுக்கு மாறுகின்றன, நகரங்களுக்கு இடையே அதிவேக ரயில் ஓடுகிறது. பெட்ரோல் விற்பனை 2023-லேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது, மொத்த எண்ணெய் 2027-இல் தொடும் என்று சொன்னது ஏதோ சுற்றுச்சூழல் அமைப்பு இல்லை. பெட்ரோல் விற்றே பிழைக்கும் சினோபெக். சவூதி அரேபியாவும் மின்சாரத்துக்காகக் கச்சா எண்ணெயை எரிப்பதை விட்டு எரிவாயுவுக்கும் சூரிய ஒளிக்கும் மாறுகிறது. 2030 வரை எண்ணெய்த் தேவை அளவில் அதிகமாகக் குறையப் போகும் ஒற்றை நாடு அதுதான் என்று முகமை கணக்கிட்டிருப்பது பலருக்குத் தெரியாது.

கூடும் இடம் நாம். 2030-க்குள் இந்தியாவின் தேவை நாளுக்குப் பத்து லட்சம் பீப்பாய் கூடும், வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு கூடாது என்பது கணிப்பு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இவ்வளவு மின்சார ஸ்கூட்டர் செய்கிறோமே, அப்புறம் எப்படி என்று தோன்றும். ஸ்கூட்டர் குறைப்பது பெட்ரோலை. நம் நாட்டில் செலவாகும் எரிபொருளில் ஐந்தில் இரண்டு பங்கு டீசல். 2024-25-இல் 9 கோடி டன்னுக்கு மேல் டீசல் போயிருக்கிறது, பெட்ரோல் 4 கோடி டன்தான். லாரி, டிராக்டர், பேருந்து, ஜேசிபி. இவற்றில் மின்சாரம் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாமக்கல்லில் எனக்குப் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். கேஸ் டேங்கர் லாரி வைத்திருக்கிறார். தென்னிந்தியாவின் சமையல் எரிவாயுவை ஏற்றிச் செல்லும் டேங்கர்களில் பெரும்பகுதி அந்த ஊர்க்காரர்களுடையவை. "ஏம்ப்பா, எல்லாம் கரண்ட்டுக்குப் போயிரும்ங்கறாங்க, நான் இன்னொரு வண்டிக்கு லோன் போடலாமா வேண்டாமா?" என்று போன பொங்கலுக்கு என்னைக் கேட்டார். "போடுங்கண்ணா, உங்க வண்டிக்குத்தான் இப்ப வேலை அதிகம்" என்றேன். சும்மா சொன்னதில்லை. உலகில் கூடப்போகும் எண்ணெய் வரத்தில் கணிசமான பங்கு கச்சா எண்ணெயே இல்லை. இயற்கை எரிவாயு எடுக்கும்போது கூடவே வரும் எத்தேன், புரொப்பேன், பியூட்டேன் போன்றவை. அமெரிக்க ஷேலிலும் சவூதியின் ஜாஃபூரா வயலிலும் இவை குவியப் போகின்றன. புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்ததுதான் நம் சிலிண்டர். எத்தேன் பிளாஸ்டிக் ஆலைக்குப் போகும். 2030-இல் உலகில் செலவாகும் ஆறு பீப்பாயில் ஒன்று பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்குத்தான் என்கிறது முகமை. எரிக்கும் எண்ணெய் உச்சத்தைத் தொட்டு நின்றாலும், பக்கெட்டாகவும் பாலித்தீனாகவும் பாலியெஸ்டர் சேலையாகவும் மாறும் எண்ணெய் கூடிக்கொண்டே இருக்கும்.

நம் சிலிண்டர் வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி. 2025-இல் அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து, அதன் வாயில் இருக்கும் குறுகிய ஹோர்முஸ் நீரிணை வழியாக வந்தது. இந்தியா 2025 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு வருடத்துக்கு 22 லட்சம் டன் வாங்க ஒப்பந்தம் போட்டது இந்த ஒற்றை வாசலை நம்பி இருக்க வேண்டாம் என்றுதான். 2024-இல் அந்த நீரிணை வழியாக நாளுக்கு சுமார் 2 கோடி பீப்பாய் போனது, உலகச் செலவில் ஐந்தில் ஒன்று. உபரி 90 லட்சம் பீப்பாய் என்று காகிதத்தில் இருப்பதை நம்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடனே திறந்துவிடக்கூடிய கையிருப்புத் திறன் பெரும்பாலும் சவூதியிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இருக்கிறது, அதாவது அதே வாசலுக்கு உள்ளே. சுற்றிப் போகும் குழாய்கள் இருக்கின்றன. சவூதியில் செங்கடல் கரையின் யான்புவுக்கு ஒன்று, அமீரகத்தில் ஃபுஜைராவுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் 2 கோடியில் பாதிகூடத் தேறாது.

உலகக் கணக்கில் உபரி இருந்தால் எல்லோருக்கும் எண்ணெய் கிடைக்கும் என்பதும் உண்மையில்லை. 2022-இல் இலங்கையில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அந்த மே மாதம், கொழும்புக் கடலில் மார்ச் 28-லிருந்து ஒரு பெட்ரோல் கப்பல் நின்றுகொண்டிருந்தது. கப்பலில் பெட்ரோல் இருந்தது, கரையில் வரிசை இருந்தது, கொடுக்க டாலர் இல்லை. அமைச்சர் காஞ்சன விஜேசேகர நாடாளுமன்றத்திலேயே எழுந்து இதைச் சொன்னார். முன்பு வந்த சரக்குக்கே 5.3 கோடி டாலர் பாக்கி இருந்தது. அப்புறம் ஜூலையில் கியூஆர் குறியீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. பெட்ரோல் பங்க் வரிசையில் நாள் கணக்காக நின்றவர்களில் உயிரை விட்டவர்களும் உண்டு. எண்ணெய் தட்டுப்பாடு என்பது பூமிக்கடியில் தொடங்க வேண்டும் என்பதில்லை, அந்நியச் செலாவணியிலும் தொடங்கும். எத்தியோப்பியா 2024-இல் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே தடை செய்ததற்கும் காரணம் டாலர்தான். அணை மின்சாரம் தாராளமாக இருக்கும் நாடு, எரிபொருளுக்கு டாலர் கொட்ட முடியவில்லை.

நம் நிலைமை இலங்கையைப் போல இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024-25-இல் இந்தியா 24 கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இறக்குமதி செய்தது. பீப்பாயில் சொன்னால் சுமார் 178 கோடி. செலவு சுமார் 137 பில்லியன் டாலர், நமக்கு வேண்டியதில் 88 சதவீதம் வெளியிலிருந்து. பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் வருடத்துக்கு 15,000 கோடி ரூபாய் கூடுதல். பத்து டாலர் ஏறுவதெல்லாம் எண்ணெய்ச் சந்தையில் ஒரு வாரத்துக் கதை.

அதனால்தான் இந்த மலிவான வருடங்கள் வீணாகிவிடக் கூடாது என்று எனக்குப் பதைப்பாக இருக்கிறது. செய்ய வேண்டிய முதல் வேலை டீசலைக் குறைப்பது. சரக்கை ரயிலுக்குத் திருப்புவதும், நகரப் பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றுவதும் ஸ்கூட்டர் மானியத்தைவிட எண்ணெய்க் கணக்கில் பெரிய வேலை. இரண்டாவது வேலை சேமித்து வைப்பது. விசாகப்பட்டினம், மங்களூரு, உடுப்பிக்குப் பக்கத்தில் பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து பாதாளக் கிடங்குகள் கட்டியிருக்கிறோம். மொத்தம் 53.3 லட்சம் டன் பிடிக்கும், நம் தேவைக்குப் பத்து நாள்கூட வராது. 2020 ஏப்ரல், மே மாதங்களில், உலகமே வீட்டுக்குள் அடைந்து விலை சரிந்து கிடந்தபோது, பீப்பாய் சராசரியாக 19 டாலருக்கு வாங்கி இந்தக் கிடங்குகளை நிரப்பினார்கள். அதில் மட்டும் மிச்சமானது 5,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசே கணக்குச் சொன்னது. அன்று இடம் இரண்டு மடங்கு இருந்திருந்தால் இரண்டு மடங்கு மிச்சமாகியிருக்கும்.

ஒடிசாவின் சண்டிகோலில் 40 லட்சம் டன்னுக்கும், பாதூரில் இன்னும் 25 லட்சம் டன்னுக்கும் புதிய கிடங்குகள் கட்ட மத்திய அமைச்சரவை 2021 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. நான்கு வருடம் கழித்து, 2025 முடியும்போதும், இரண்டில் ஒன்றுகூடக் கட்டி முடிக்கப்படவில்லை. மலிந்த எண்ணெயை வாங்கி வைக்க இடம் வேண்டுமென்றால், இந்த இரண்டும் 2030-க்குள் முடிந்தாக வேண்டும்.